குச்சித் தீவனம் மிக்ஸரில் எங்கே நொறுங்குகிறது? கணினியில் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் முறை

காங்கயம் பக்கத்துத் தொழுவம் ஒன்றில் 50 கிலோ மூட்டை தீரும்போது கடைசி இரண்டு கிலோ வெறும் தூளாகக் கிடந்தால், தீவன ஆலைக்கு அன்றைக்கே போன் போகும். மாடு குச்சியைத் தேடித் தின்றுவிட்டுத் தூளை மூச்சால் ஊதி ஒதுக்கிவிடும். ஆடிக் காற்றில் அதில் பாதி வேலிக்கு அந்தப் பக்கம் பறந்துவிடும். ஆலையில் முதல் சந்தேகம் பெல்லட் மெஷினின் டை (மாவை அழுத்திக் குச்சியாக வெளியே தள்ளும் துளைத் தகடு) மேல் விழும், அடுத்தது நீராவி மேல். குச்சியோடு உடைத்த மக்காச்சோளம், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, தாது உப்பு சேர்த்து ரிப்பன் மிக்ஸரில் (தொட்டிக்குள் நாடாபோல் முறுக்கிய தகடு சுழன்று கலக்கும் இயந்திரம்) கலக்கும் ஆலை என்றால் மூன்றாவது சந்தேகமும் வர வேண்டும்: மிக்ஸரே நொறுக்குகிறதா?

மூடி போட்டு ஓடும் மிக்ஸருக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. கணினியில் பார்க்கலாம். ஒவ்வொரு குச்சியையும் தனி உருப்படியாக வைத்து, அது எதன் மேல் மோதுகிறது, எவ்வளவு உரசுகிறது என்று நொடியின் மிகச் சிறு துண்டுகளாகக் கணக்கிடும் முறைக்கு டெம் என்று பெயர். கண்டால், ஸ்ட்ராக் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் மண், பாறைத் துகள்களுக்காக எழுதியது. யேட், மெர்க்குரி டிபிஎம் போன்ற இலவச மென்பொருள்களிலும், ஈடெம், ராக்கி போன்ற விலை கொடுத்து வாங்குவனவற்றிலும் இதைச் செய்யலாம். எதில் செய்தாலும் கீழே சொல்லும் வேலை ஒன்றுதான். எண்கள் 500 கிலோ கொள்ளும் ரிப்பன் மிக்ஸருக்கும், 8 மி.மீ. விட்டம், 16 மி.மீ. நீளக் குச்சிக்கும் போட்டவை.

மூன்று சேதங்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

எல்லாத் தூளும் ஒரே வழியில் வருவதில்லை. குச்சியின் விளிம்பும் மேல்தோலும் உரசி உதிர்வது தேய்மானம். ஓங்கி மோதி இரண்டாக முறிவது உடைசல். ரிப்பனுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே மாட்டி நெரிவது நசுங்கல். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒரே சூத்திரத்தில் மூன்றையும் அடக்கப் பார்ப்பதால்தான் பல சிமுலேஷன்கள் அழகான வண்ணப்படத்தோடு நின்றுவிடுகின்றன.

குச்சியை நூற்றுக்கணக்கான சின்னத் துகள்களை ஒட்டிய கட்டியாகச் செய்து, ஒட்டு அறுவதைக் கணக்கிடும் வழியும் இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 500 கிலோவில் சுமார் 5 லட்சம் குச்சிகள். ஒவ்வொன்றும் நூறு துகள் என்றால் 5 கோடி. அந்த வழி வேண்டாம். குச்சியை உடையாத பொருளாகவே ஓட்டி, மோதல் ஆற்றலையும் உரசல் வேலையையும் பதிவு செய்து, சேதத்தைப் பிறகு தனியாகக் கணக்கிடுவதே நடைமுறைக்கு ஏற்றது. தூள் 5 சதவீதத்துக்குள் இருக்கும்வரை கலவையின் ஓட்டம் பெரிதாக மாறாது. ஆகவே இந்தக் குறுக்குவழியால் பெரிய நட்டமில்லை.

கணினியைத் திறக்கும் முன் அளக்க வேண்டியவை

ஆறவைத்து ஒரு நாள் கழிந்த குச்சியையே எடுங்கள். கூலரிலிருந்து வந்த சூட்டில் குச்சி மெத்தென்று இருக்கும். அதை வைத்து எடுத்த எண் மூட்டைக்குள் இருக்கும் குச்சிக்குப் பொருந்தாது. ஈரப்பதத்தையும் கூடவே குறித்துவையுங்கள். கரூரில் சித்திரை வெயிலில் எடுத்த அளவும் பொள்ளாச்சியில் ஆனி மழையில் எடுத்த அளவும் ஒன்றாக இருக்காது.

20 லிட்டர் வாளியில் கொட்டித் தட்டாமல் எடை போட்டால் மொத்த அடர்த்தி கிடைக்கும். 150 மி.மீ. பிவிசி குழாயில் குச்சியை நிரப்பி, குழாயை மெல்ல மேலே தூக்கினால் குவியல் விழும். அதன் சரிவுக் கோணத்தைப் பக்கவாட்டில் படம் எடுத்து அளந்துகொள்ளுங்கள். இரும்புத் தகட்டோடு உராய்வை அளக்க, மூன்று குச்சிகளை ஓர் அட்டையில் ஃபெவிகால் போட்டு ஒட்டி, குச்சிப் பக்கம் கீழே இருக்கும்படி தகட்டில் வைத்துத் தகட்டைச் சாயுங்கள். ஒட்டாவிட்டால் குச்சி வழுக்காமல் உருண்டுவிடும், கோணம் பொய்யாகிவிடும். 20 பாகையில் வழுக்கினால் உராய்வு எண் 0.36. புதுத் தகட்டில் அளக்காதீர்கள். எண்ணெயும் தூளும் படிந்து பளபளப்பான பழைய தகட்டில்தான் அளக்க வேண்டும், மிக்ஸரின் உட்புறம் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது உடைசல் சோதனை, இதற்குப் பொறுமை வேண்டும். 200 குச்சிகளை ஒவ்வொன்றாக, தரையில் கிடத்திய கனமான இரும்புத் தகட்டின் மேல் 1 மீட்டர் உயரத்திலிருந்து பத்துப் பத்துத் தடவை போடுங்கள். வேறு 200 குச்சிகளை 3 மீட்டரிலிருந்து அதேபோல. எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது உடைந்தது என்று வையுங்கள். அதற்குக் குறைவாக இழந்தது தேய்மானக் கணக்கு. 5 மீட்டருக்குப் போகாதீர்கள். இந்த அளவுக் குச்சியைக் காற்று நன்றாகவே தடுக்கும்; 3 மீட்டரில் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கும், 5 மீட்டரில் கால் பங்குக்கு மேலும் காற்றோடு போய்விடும். இதைக் கழித்தால் 1 மீட்டருக்குக் கிலோவுக்கு சுமார் 9 ஜூலும், 3 மீட்டருக்குச் சுமார் 23.5 ஜூலும் மிஞ்சும்.

இந்த எண்களைப் போட வேண்டிய இடம் 2003இல் வோகலும் பொய்கெர்ட்டும் கொடுத்த சூத்திரம். அதன் சாரம்: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கீழ் வரம்பு ஆற்றல் உண்டு, அதற்குக் குறைந்த மோதல் எத்தனை தடவை நடந்தாலும் முறிக்காது. வரம்பைத் தாண்டிய மிச்ச ஆற்றலும் மோதல்களின் எண்ணிக்கையும் பெருகப் பெருக உடையும் வாய்ப்பு ஏறும். கணக்கு எப்படிப் போடுவது என்று காட்ட மட்டும்: 1 மீட்டரில் 200க்கு 4, 3 மீட்டரில் 200க்கு 32 உடைந்தன என்று வைப்போம். தப்பிய பங்கு 0.98, 0.84. இவற்றின் இயல் மடக்கையைக் குறி மாற்றி எடுத்தால் 0.020, 0.174. ஆற்றலைப் படுக்கையிலும் இந்த எண்களை நெட்டிலும் வைத்து இரு புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, கோட்டைக் கீழே நீட்டி, அது அடியைத் தொடும் இடத்தைப் பாருங்கள்: கிலோவுக்குச் சுமார் 7 ஜூல். அதுதான் கீழ் வரம்பு.

இனி மிக்ஸருக்கு வருவோம். ரிப்பனின் ஆரம் 0.4 மீட்டர், நிமிடத்துக்கு 35 சுற்று என்றால் விளிம்பின் வேகம் நொடிக்கு 1.47 மீட்டர். அந்த வேக மோதலின் ஆற்றல் கிலோவுக்கு 1.1 ஜூல்தான். வரம்பு 7. அப்படியானால் ரிப்பன் அடித்துக் குச்சி முறிவதே கிடையாது! பக்கெட் எலிவேட்டர் தலையிலிருந்து 3 மீட்டர் பள்ளத்துத் தொட்டிக்குள் விழுவதோ அந்த வரம்பை மும்மடங்குக்கு மேல் தாண்டும். சிமுலேஷன் தொடங்கும் முன்னாலேயே இந்த ஒரு கணக்கு பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். உங்கள் குச்சிக்கு வரம்பு வேறாக வரும், அளந்து பாருங்கள். மிக்ஸருக்கு மிஞ்சுவது தேய்மானமும் நசுங்கலும்.

தேய்மானத்துக்கு: சோதனைப் பெட்டியையே கணினியில் ஓட்டுங்கள்

குச்சியின் உறுதியை அளக்கும் சுழல்பெட்டி தீவன ஆய்வகங்களில் இருக்கும். உள்ளளவு 305க்கு 305க்கு 127 மி.மீ., உள்ளே ஒரு குறுக்குத் தகடு. 500 கிராம் சலித்த குச்சியைப் போட்டு நிமிடத்துக்கு 50 சுற்றில் 10 நிமிடம் சுழற்றி மறுபடி சலிப்பார்கள். 8 மி.மீ. குச்சிக்கு 6.3 மி.மீ. சல்லடை சரி. பெட்டிக்குள் குச்சி விழும் உயரம் அதிகம் போனாலும் மூலைக்கு மூலை 43 செ.மீ.; கிலோவுக்கு 4.2 ஜூல். மேலே கண்ட வரம்பைத் தாண்டாது. ஆகவே பெட்டியில் வரும் தூள் முழுக்கத் தேய்மானம். கணினியை அளவுத்திருத்தம் செய்ய இதைவிடக் கைக்கடக்கமான கருவி கிடைக்காது. உள்ளே இருப்பதே சுமார் 520 குச்சிகள்தான்.

நிஜப் பெட்டியை 10 நிமிடத்துக்கு மட்டும் ஓட்டி நிறுத்தாதீர்கள். 1, 2, 5, 10 நிமிடங்களுக்குத் தனித்தனியே புதுக் குச்சி போட்டு ஓட்டுங்கள். வெட்டுமுனையின் கூர் விளிம்புகள் முதலில் உதிரும். வழவழப்பான பிறகு தூள் விழும் வேகம் குறையும். தேய்மானம் நேரத்தோடு நேர்கோட்டில் ஏறாமல், ஒன்றுக்குக் குறைந்த அடுக்கில் ஏறும் என்பதை க்வின் 1969இல் வினையூக்கித் துகள்களில் எழுதிவைத்தார்; குச்சியிலும் அதைப் பார்க்கலாம். மிக்ஸர் ஓடுவது மூன்று நிமிடம். பத்து நிமிடச் சராசரியை மூன்று நிமிட மிக்ஸருக்குப் போட்டால் தூளைக் குறைத்துச் சொல்வீர்கள்.

பெட்டிக்குள் குச்சி மட்டும் போடாமல், ஆலையின் விகிதத்திலேயே மக்காச்சோளக் குருணையையும் உப்பையும் சேர்த்துப் போட்டு இன்னொரு வரிசை ஓட்டுங்கள். குருணை உப்புத்தாள்போலத் தேய்க்கும். அந்த விளைவைப் பெட்டிச் சோதனையிலேயே எடுத்துக்கொண்டால், கணினியில் லட்சக்கணக்கான குருணைகளைப் போட வேண்டியிருக்காது.

கணினியில் குச்சியை 8 மி.மீ. விட்ட உருண்டைகள் மூன்றை 4 மி.மீ. இடைவெளியில் கோத்து உருவாக்குங்கள். நீளம் 16 மி.மீ. வரும். ஆனால் முனைகள் உருண்டையாகிவிடுவதால் கன அளவு நிஜக் குச்சியில் ஐந்தில் நான்கு பங்குதான். எடை சரியாக வர, நிஜ அடர்த்தி 1200 என்றால் கணினியில் சுமார் 1500 என்று கொடுக்க வேண்டும். இதை மறந்தால் எல்லா ஆற்றலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஏன் என்றே தெரியாது. குச்சிக்கும் குச்சிக்குமான உராய்வை மட்டும் மாற்றி மாற்றி, வாளி எடையும் குவியல் கோணமும் பொருந்தும்வரை ஓட்டுங்கள். உருளல் தடை தனியாகத் தேவைப்படாது. நீண்ட வடிவமே அந்த வேலையைச் செய்துவிடும்.

பெட்டியை 10 நொடி ஓட்டினால் போதும். முதல் 3 நொடியைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு உரசல் வேலை நடக்கிறது என்று ஜூலில் எடுங்கள். நிஜத்தில் முதல் 2 நிமிடத்தில், அதாவது 100 சுற்றில், விழுந்த தூளை 100 சுற்றின் உரசல் வேலையால் வகுத்தால் ஒரு ஜூலுக்கு எத்தனை மில்லிகிராம் தூள் என்ற எண் கையில் வரும். ஆர்ச்சர்ட் 1953இல் உலோகத் தேய்மானத்துக்குச் சொன்ன விதியும் இந்த அடிப்படைதான்: அழுத்தும் விசையும் வழுக்கிய தூரமும் சேர்ந்ததே தேய்மானம்.

விறைப்பு என்னும் பொறி

கணினி கணக்கிடும் ஒவ்வொரு படியின் நேர அளவும் குச்சியின் விறைப்பைப் பொறுத்தது. நறுக்கு விறைப்பு (பக்கவாட்டில் தள்ளினால் உருமாறாமல் எதிர்க்கும் அளவு) 100 கோடி பாஸ்கல் என்றால், இந்த அளவு உருண்டையில் அதிர்வலை ஓடிவரும் ராலே நேரம் சுமார் 17 மைக்ரோ நொடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 3 மைக்ரோ நொடிதான் ஒரு படி. 15 நொடி மிக்ஸர் ஓட்டத்துக்கு 50 லட்சம் படிகள். விறைப்பை 1 கோடி பாஸ்கலாகத் தளர்த்தினால் படி 30 மைக்ரோ நொடியாகும், வேலை பத்தில் ஒன்றாகும். எல்லோரும் தளர்த்துகிறார்கள். மொத்த ஓட்டத்துக்கு அது பாதகமில்லை, மோதலில் இழக்கும் ஆற்றலும் பெரிதாக மாறாது. உரசல் வேலை சற்று மாறும். அதனால்தான் பெட்டியையும் மிக்ஸரையும் ஒரே விறைப்பில் ஓட்ட வேண்டும். இரண்டிலும் ஒரே பிழை இருந்தால் வகுக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

உச்ச விசை மட்டும் அடியோடு பொய்யாகிவிடும். தளர்ந்த குச்சி மெதுவாக மோதி மெதுவாக எழும். விசை குறைவாகக் காட்டும். ஆகவே தளர்த்திய ஓட்டத்திலிருந்து விசையை எடுத்து உடைசல் கணக்குப் போடாதீர்கள்.

இதைவிட மோசமானது இடைவெளியில் நடக்கும். ரிப்பனுக்கும் தொட்டிக்கும் நடுவே 6 மி.மீ. இருக்கிறது, 8 மி.மீ. குச்சி அங்கே மாட்டுகிறது. நிஜத்தில் அது நெரிந்து மாவாகும். தளர்ந்த கணினிக் குச்சியோ ரப்பர்போலச் சப்பையாகி நழுவி வெளியே வந்துவிடும். கணக்கில் சேதமே பதிவாகாது. ஓட்டம் முடிந்ததும் தொடுகைகளில் ஊடுருவல் (ஒன்று மற்றொன்றுக்குள் புகும் ஆழம்) ஆரத்தில் நூறில் ஒரு பங்கைத் தாண்டிய இடங்களை வடிகட்டிப் பாருங்கள். ரிப்பன் விளிம்பு நெடுகப் புள்ளிகள் வரிசையாக நின்றால் பிரச்சினை அங்கேதான்.

மிக்ஸரை வரையும்போது

800 மி.மீ. அகலத் தொட்டி, 1.6 மீட்டர் நீளம், உள்ளும் வெளியும் எதிர்த்திசையில் முறுக்கிய இரட்டை ரிப்பன். கோவைப் பட்டறையில் வாங்கிய வரைபடத்தை அப்படியே ஏற்றாதீர்கள். தகட்டை உருட்டி வெல்டிங் செய்த தொட்டி சரியான வட்டமாக இருப்பதில்லை. வரைபடத்தில் 6 மி.மீ. என்றிருக்கும் இடைவெளி ஓரிடத்தில் 4, இன்னோரிடத்தில் 11 இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டபின், கெட்டியாகப் பிசைந்த சப்பாத்தி மாவை உருண்டையாக்கித் தொட்டியின் அடியில் வைத்து, ரிப்பனைக் கையால் ஒரு சுற்று திருப்புங்கள். நசுங்கிய மாவின் தடிமனை வெர்னியரில் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். நீளவாக்கில் நான்கு, வளைவில் மூன்று என்று பன்னிரண்டு இடங்களிலாவது எடுத்து, அந்த அளவுகளையே வரைபடத்தில் போடுங்கள்.

வரைபடத்தை மென்பொருள் படிக்கும் எஸ்டிஎல் கோப்பாக மாற்றும்போது வளைந்த சுவர் தட்டைத் துண்டுகளாகும். துண்டு 40 மி.மீ. நீளமென்றால், 400 மி.மீ. ஆரத்தில் வளைவிலிருந்து விலகல் அரை மி.மீ.; ஏற்றுக்கொள்ளலாம். மென்பொருள் தானாகவே 150 மி.மீ. துண்டாக வெட்டிவைத்தால் விலகல் 7 மி.மீ. ஆகும்: இடைவெளியே காணாமல் போய், ரிப்பன் சுவருக்குள் புகுந்து ஓடும். ஏற்றியதும் ஒரு சுற்று வெறுமனே சுழற்றிப் பாருங்கள்.

500 கிலோவை முழுதாக ஓட்டினால் 15 லட்சத்துக்கு மேல் உருண்டைகள். சாதாரண எட்டுக்கோர் கணினியில் தளர்த்திய விறைப்பிலேயே இரண்டு மூன்று நாள் எடுக்கும். நேரத்தை மிச்சம் பிடிக்கத் துகளை இரண்டு மடங்கு பெரிதாக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கலப்பு எவ்வளவு சீராகிறது என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு அது ஆகும். இங்கே கூடவே கூடாது: 16 மி.மீ. விட்டமாகிவிட்ட குச்சி 6 மி.மீ. சந்துக்குள் நுழையவே நுழையாது, நசுங்கல் முழுதாக மறைந்துவிடும். பெரிதாக்குவதற்குப் பதில் கடைசியில் ஒரு 10 நொடி மட்டும் அளந்து, 3 நிமிடத்துக்குப் பெருக்குங்கள்.

நசுங்கலுக்குத் தனி ஓட்டம்

தொட்டியில் 100 மி.மீ. நீளத் துண்டை மட்டும் வெட்டி எடுங்கள். அச்சு நெடுகச் சுழல் எல்லை கொடுங்கள். வலப்பக்கம் வெளியேறும் குச்சி இடப்பக்கம் நுழையும். ரிப்பனின் அந்தத் துண்டு, முப்பது கிலோ குச்சி, நிஜ விறைப்பு, 3 மைக்ரோ நொடிப் படி. இரண்டு சுற்று ஓட்டினால் போதும். ரிப்பனையும் சுவரையும் ஒரே நேரத்தில் தொடும் குச்சிகளை எண்ணி, ஒவ்வொன்றின் உச்ச விசையையும் குறியுங்கள்.

ஒப்பிட வேண்டியது குச்சியின் நசுங்கு விசை. எலெக்ட்ரானிக் தராசின் மேல் குச்சியைப் படுக்கவைத்து, டிரில்லிங் மெஷினின் கைப்பிடியால் தட்டை முனையை மெல்ல இறக்குங்கள். குச்சி முறியும் கணத்துக்கு முந்தைய எண்ணைக் குறியுங்கள். செல்போனில் வீடியோ எடுத்தால் தவறாது. 30 குச்சி பாருங்கள். நடு மதிப்போடு, இளப்பமான மூன்று குச்சிகளின் மதிப்பையும் எழுதிவையுங்கள், முதலில் சாகப்போவது அவைதான். அந்த விசையைத் தாண்டிய நிகழ்வுகளை ஒரு சுற்றுக்கு இத்தனை என்று எண்ணி, தொட்டியின் முழு நீளத்துக்கும் மொத்தச் சுற்றுகளுக்கும் பெருக்குங்கள். 35 சுற்றில் 3 நிமிடம் என்றால் 105 சுற்று.

இடைவெளியை 2, 4, 6, 8, 12 மி.மீ. என்று மாற்றி இதே துண்டை ஓட்டிப் பார்த்தால் விஷயம் கண்முன் வரும். 2 மி.மீ. சந்தில் குச்சி நுழையாது. 12இல் நுழைந்து தடையில்லாமல் கடந்துவிடும். விட்டத்தில் பாதிக்கு மேல், முழு விட்டத்துக்குள் இருக்கும் சந்துதான் செக்கு. 8 மி.மீ. குச்சிக்கு 5, 6, 7 மி.மீ. என்றால் கடவாய்ப்பல்லில் வைத்து அரைப்பதற்குச் சமம்.

முடிவை ஆலையோடு ஒப்பிட

குச்சி மட்டும் போட்டு ஒரு தொகுதி ஓட்டுங்கள். மக்காச்சோளக் குருணை இருந்தால் சல்லடையில் எது தூள் என்று பிரிக்க முடியாது. மிக்ஸருக்குள் போகும் குச்சியிலும், கதவைத் திறந்து கொட்டும்போதும் பத்துப் பத்து இடத்தில் ஒரு கிலோ எடுத்து, 6.3 மி.மீ. சல்லடையில் சலித்து வித்தியாசத்தைப் பாருங்கள். கணினி சொன்னதற்கும் இதற்கும் ஒன்றரை மடங்குக்குள் வித்தியாசம் என்றால் கணினிக் கணக்கு உருப்படியானது. மூன்று மடங்கு என்றால் உராய்வு எண்ணைத் திருகிச் சரிக்கட்ட வேண்டாம். இடைவெளியை மறுபடி அளங்கள். மாதிரி எடுத்த இடத்தில் உயரமான விழுதல் இருக்கிறதா பாருங்கள்.

பொருந்திய பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வேகத்தைக் குறைத்தால் தூள் குறையுமா? ஓட்டிப் பாருங்கள்: 35இலிருந்து 25 சுற்றுக்கு இறக்கினாலும், ஒரு சுற்றுக்கான உரசல் வேலை ஏறக்குறைய அப்படியே நிற்கும். மெதுவாக நீண்ட நேரம் ஓட்டுவதில் லாபமில்லை, மொத்தச் சுற்றுகளே கணக்கு. அப்படியானால் குச்சி எத்தனை சுற்று உள்ளே இருக்க வேண்டும்? குருணை, உப்பு, புண்ணாக்கை முதலில் இரண்டேகால் நிமிடம் கலந்துவிட்டு, குச்சியைக் கடைசி 45 நொடியில் போட்டால் குச்சி படும் சுற்று 105இலிருந்து 26 ஆகும். கலப்பு சீர்தானா என்பதைப் பத்து இடத்து மாதிரியில் உப்பின் அளவை வைத்துச் சரிபார்க்கலாம். மாறுபாட்டுக் கெழு (சராசரியிலிருந்து அளவுகள் சிதறும் சதவீதம்) 10 சதவீதத்துக்குள் இருந்தால் தீவனத் தொழிலில் ஏற்றுக்கொள்கிறார்கள். கூர் விளிம்பு முதலில் உதிரும் என்பதால், சுற்று கால் பங்கானாலும் தூள் கால் பங்காக இறங்காது. பெட்டியின் 1 நிமிட எண்ணை வைத்தே கணக்கிடுங்கள்.

இடைவெளியை மாற்ற முடிவெடுத்தால், ரிப்பன் விளிம்பில் பட்டை வெல்டிங் செய்து 2 மி.மீ.க்கு இறக்குவது ஒரு வழி, விளிம்பை வெட்டி 12க்கு ஏற்றுவது மற்றொன்று. 12இல் அடியில் அசையாத ஒரு படலம் தங்கும். ஒரு தொகுதியின் மிச்சம் அடுத்ததில் கலக்கும். மருந்து சேர்த்த தீவனம் ஓடும் மிக்ஸரில் அதை ஒப்புக்கொள்ள முடியாது, 2தான் சரி. ஆனால் பட்டை தேயும். தாது உப்பும் சுண்ணாம்புக் கல்லும் ஓடும் மிக்ஸரில் 2 மி.மீ. சந்து நாளடைவில் விரிந்து செக்கு அளவுக்குள் வந்து நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே பன்னிரண்டு இடத்திலும் சப்பாத்தி மாவை வைத்துப் பார்த்து, எங்காவது 4 மி.மீ. தொட்டதும் பட்டையை மாற்றிவிடுங்கள்.